சிரம பரிகாரம்

வெளியூரிலிருந்து களைத்து வந்தவரைப் பார்த்து, ‘முதலில் சிரம பரிகாரம் செய்துகொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்’ என்று சொல்லும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. கால் கழுவத் தண்ணீரும், குடிக்க நீர்மோரும், சற்றே சாய்ந்துகொள்ளத் திண்ணையும் அந்த ஒரு தொடருக்குள் அடங்கிவிடும். பரிகாரம் என்பது தோஷத்துக்குச் செய்வது, கிரக பீடைக்குச் செய்வது. உழைத்த அலுப்பையும் வழி நடந்த களைப்பையும் அந்த வரிசையில் வைத்து, அவற்றுக்கும் கழிப்பு ஒன்று உண்டு என்று எண்ணிய மனத்தின் நுட்பத்தை நான் பல முறை வியந்ததுண்டு. இன்று உலகத்துப் பெருநகரங்களில், அலுவல் முடிந்து அந்தி சாயும் வேளையில், சிரம பரிகாரம் என்றதும் பெரும்பாலோருக்குக் கண்ணாடிக் கிண்ணமும், அதில் கிணுகிணுக்கும் பனிக்கட்டியும், அதன்மேல் ஊற்றப்படும் ஏதோ ஒரு மதுவுமே நினைவுக்கு வருகின்றன. எந்த மது உயர்ந்தது, எதனோடு எதைச் சேர்த்தால் சுவை கூடும் என்பதில் அவரவர்க்கு ஒரு சித்தாந்தமும், அதற்காக விடிய விடிய வாதாடும் பக்தியும் இருக்கின்றன. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் மாலையில் காபி குடிப்பவன். என் விசாரம் வேறு. வேலை முடிந்த மனிதன் அந்தக் கிண்ணத்திடம் என்ன கேட்கிறான்? கேட்பது நியாயந்தானா? கேட்டது அவனுக்குக் கிடைக்கிறதா?

எங்கள் ஊர் மண்டித் தெருவில் மூட்டை சுமக்கும் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, கூலியை எண்ணி மடியில் முடிந்து, தலையில் சும்மாடு கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டே, நான் ஒன்றும் கேளாதிருக்கும்போதே, “உடம்பு வலிக்குத்தாங்க ஒரு கட்டிங் போடறது. போடலேன்னா காலையில எந்திரிக்க முடியாதுங்க” என்றார். என் முகத்தில் ஏதோ உபதேசம் எழுதியிருந்தது போலும். அவர் போன பிறகும் அந்த வாக்கியம் கூடத்திலேயே நின்றது. சந்தோஷத்துக்காக என்று அவர் சொல்லவில்லை. நண்பர்களோடு கூடியிருக்க என்றும் சொல்லவில்லை. வலிக்கு என்றார். அதாவது, தாம் வாங்குவது மருந்து என்றார்.

இதைக் கேட்டு நகைக்கிறவர்கள், குளிரூட்டிய விடுதிகளில் விலையுயர்ந்த கிண்ணங்களில் கலந்து தரப்படும் பானங்களின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். ‘காக்டெயில்’ என்ற சொல்லுக்கு அச்சில் காணப்படும் மிகப் பழைய விளக்கம், 1806ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து ஹட்ஸன் என்னும் ஊரின் பத்திரிகை ஒன்றில் இருக்கிறது: வடித்த மது ஏதேனும் ஒன்று, சர்க்கரை, தண்ணீர், இவற்றோடு ‘பிட்டர்ஸ்’ எனப்படும் கசப்புச் சாறு. இனிப்பும் போதையும் விளங்குகின்றன, கசப்பு எதற்கு? அது மருந்துப் பெட்டியிலிருந்து வந்தது. இன்றும் மதுக்கூடங்கள்தோறும் காகிதம் சுற்றிய சிறு குப்பியில் நிற்கும் அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாற்றை, வெனிசுலாவில் பொலிவாரின் படையில் வைத்தியராக இருந்த ஸீகெர்ட் என்ற ஜெர்மானியர், வயிற்றுக் கோளாறுக்காக 1824இல் உருவாக்கினார். மார்ட்டினியில் சேரும் வெர்மூத், மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடி ஒன்றிலிருந்து தன் பெயரையே பெற்றது. அதுவும் வைத்தியர்களின் சரக்குத்தான். ஜின்னோடு கலக்கும் டானிக் நீரோ காய்ச்சல் மருந்தான கொயினா கரைத்த நீர். அதற்கு 1858இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். ஆக, மண்டித் தெருக்காரர் சொன்ன உடம்பு வலியும், மாடி அலுவலகத்திலிருந்து இறங்கி வருகிறவர் சொல்லும் மன அழுத்தமும் ஒரே விண்ணப்பந்தான். எழுதிய காகிதத்தின் விலைதான் வேறு.

கொயினா என்றதும் நமக்கு மிக அருகிலுள்ள ஒரு மலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னமெரிக்காவின் சின்கோனா மரக்கன்றுகள் 1860 தொடங்கி நீலகிரியில் ஊன்றப்பட்டன. தொட்டபெட்டாச் சரிவிலும் நடுவட்டத்திலும் அவை வளர்ந்தன; நடுவட்டத்தில் மரப்பட்டையிலிருந்து கொயினா எடுக்கும் அரசாங்கத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. சூரியன் சாய்ந்தபின் குடிப்பது என்ற பொருளிலேயே ‘சன்டவுனர்’ என்று பெயரிட்டு, வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு அந்தி மதுவை அருந்திய துரைமார்களின் ஓய்வுக்கு, மலைச்சரிவில் மரம் நட்டவர்களின் உழைப்பும் ஒரு கலவைப் பொருளாக இருந்தது. அந்தத் தோட்டங்களில் சிறைக் கைதிகளிடமும் வேலை வாங்கப்பட்டது. அவர்களுக்கு அந்தி என்பது கதவு பூட்டப்படும் நேரம். ஓய்வைப் பற்றி எழுதுகிறவன் யாருடைய ஓய்வு என்ற கேள்வியைத் தாண்டிப் போகலாகாது என்பதற்காகவே இதை இங்கே குறிக்கிறேன்.

இனி, களைப்பு நோய்தானா என்று கேட்போம். சம்ஸ்கிருதத்தில் ‘ச்ரம்’ என்ற தாதுவிலிருந்துதான் சிரமம் வந்தது. அதே தாதுவிலிருந்துதான் தவம் செய்யும் இடமான ஆசிரமமும் வந்தது. அதிலிருந்தே, உடலை வருத்தி உண்மை தேடியவர்களான சிரமணர் என்ற பெயரும் வந்து, நம் நாவில் சமணர் என்று ஆயிற்று. இளைப்பாறுதலைக் குறிக்கும் விசிராந்தியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. மூட்டை சுமப்பவரும் முனிவரும் சொல்லளவில் உறவினர்கள் என்பதை இலக்கண வினோதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உழைப்பின் முடிவில் உடம்பில் இறங்கும் அயர்வு, தன்னளவில் ஒரு தோஷமன்று. நாள் முழுதும் பயன்பட்ட கருவியின் சூடு அது. காச்மீரத்து அபிநவகுப்தர் விசிராந்தி என்ற இச்சொல்லை மேலும் உயர்த்தி, அறிவு வெளியே எதையும் தேடி ஓடாமல் தன்னிடத்திலேயே தங்கி அமைவதற்குப் பெயராக வழங்கினார். நாடகம் பார்ப்பவனின் ரசானுபவமும் அத்தகைய அமைதியே என்பது அவர் கொள்கை. அவர் சொல்லும் ஓய்வில் ஓய்கிறவன் விழித்திருக்கிறான். மாலைக் கிண்ணத்தின் மீது நமக்குள்ள வழக்கின் முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பழைய பாதசாரிச் சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் அங்கங்கே காணலாம். செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். ஆனால் அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வருகிறவன் குனியவும் வேண்டாம், பிறரைக் கைதூக்கிவிட அழைக்கவும் வேண்டாம். கல்லருகே நின்று தலையைச் சற்றே சாய்த்தால் சுமை தானாக அதன்மேல் நகர்ந்துவிடும். புறப்படும்போதும் அப்படியே அடியில் தோள் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நாட்டுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போன ஒருத்திக்காக, வழிப்போக்கர் எல்லாருடைய சுமையையும் கல் தாங்குகிறது. இதைவிட ஆழமான சிரம பரிகாரத்தை நான் எந்தச் சமயத்திலும் கண்டதில்லை. அங்கே சுமை கல்லின்மேல் இருக்கிறது. சுமந்தவன் பக்கத்தில் நின்று, முண்டாசு அவிழ்த்து, காற்று வாங்கிக்கொண்டு, தான் யார், எங்கே போகிறோம் என்பதை மறவாதவனாக இருக்கிறான். மதுவின் வேலை இதற்கு நேர் எதிரானது என்று சொல்லிவிடலாமா? சுமை தலையிலேயே இருக்க, சுமப்பவனை மாத்திரம் சற்று நேரம் அப்புறப்படுத்துவது அதன் வேலை என்று தீர்த்துவிடலாமா? நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் விஷயம் அத்தனை நேரானதாக இல்லை.

பகலையும் இரவையும் இணைக்கும் அந்த வேளையை எந்தச் சமயமும் வெறுமனே விட்டதில்லை. சந்தி என்றே அதற்குப் பெயர்; சந்தியாவந்தனம் அதற்குரிய கர்மம். விளக்கு வைத்த பின் வீடு பெருக்காதே, காசு கொடுக்காதே, படுத்துறங்காதே என்று நம் பாட்டிமார் விதித்ததெல்லாம் அந்த வேளையின் மேலுள்ள அச்சத்தாலும் மரியாதையாலும் விதித்ததே. இரணியனுக்கு முடிவு வந்ததும் பகலுமற்ற இரவுமற்ற அந்நேரத்தில், உள்ளுமற்ற புறமுமற்ற வாசற்படியில். முஸ்லிம்களுக்கு மஃரிப் தொழுகை. கிறிஸ்தவ மடங்களில் மாலை ஜெபம். யூதர்களோ இந்த வேளையில் மதுவையே கையில் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்து ஓய்வு நாள் தொடங்குகையில், திராட்ச மது நிறைந்த கிண்ணத்தின் மேல் வாழ்த்துச் சொல்கிறார்கள். மறுநாள் இரவு, வானத்தில் மூன்று விண்மீன்கள் தெரிந்தபின், அந்நாளை வழியனுப்பும் சடங்கு நடக்கிறது. அதற்கு ஹவ்தாலா என்று பெயர். பிரித்தல் என்று பொருள். கிண்ணத்தை விளிம்பு தாண்டி வழியும்படி நிரப்புகிறார்கள். கிராம்பு போன்ற வாசனைப் பொருள் கைமாறிக் கைமாறி முகரப்படுகிறது. பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் விரல் நகங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். பின் மது அருந்தி, வழிந்து நிற்கும் மதுவிலேயே அந்தச் சுடரை அணைக்கிறார்கள். சுர்ரென்ற ஓர் ஒலி. புனித நாள் முடிந்து வேலை வாரம் பிறக்கிறது.

இந்தச் சடங்கைப் பற்றி அறிந்தபோதுதான் என் பழைய தீர்ப்பு ஆட்டங்கண்டது. வேலைக்கும் ஓய்வுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பதும், கோடு கிழிக்கக் கையில் ஏதேனும் ஒரு பொருள் வேண்டும் என்பதும் மனிதனின் மிகப் பழைய தேவை. அலுவலகத்திலிருந்து வந்து, அலமாரியைத் திறந்து, தனக்குப் பிடித்த குப்பியை எடுத்து, அளவு பார்த்து ஊற்றி, எலுமிச்சைத் தோலைச் சீவி முறுக்கிப் போட்டு, முதல் வாயை விழுங்குமுன் ஒரு கணம் நிதானிக்கிறவன், தன்னை அறியாமலே ஒரு சந்தி கர்மம் செய்கிறான். ஆசமனமும் அர்க்கியமும் கைவிட்டுப் போன வேளையில் அந்த வெற்றிடத்தில் கிண்ணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தங்களுக்குப் பிடித்தது போதையைக் காட்டிலும் அந்த முறைமைதான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்பவும் செய்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான். ஹவ்தாலாவில் ஒரு கிண்ணத்தோடு சுடர் அணைந்து காரியம் முடிந்துவிடுகிறது. சடங்குக்குத் தன் முடிவு தெரியும். கிண்ணத்துக்கு அது தெரியாது.

நம் புராணங்கள் மதுவைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. பாற்கடலைக் கடைந்தபோது வாருணியாகிய சுரை தோன்றினாள். அவளை ஏற்றுக்கொண்டவர்கள் சுரர் என்றும், ஏற்க மறுத்தவர்கள் அசுரர் என்றும் பெயர் பெற்றார்கள் என்று வால்மீகி பால காண்டத்தில் பெயர்க்காரணம் சொல்லுகிறார். மதுவிலக்குப் பிரசாரகர்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போவது வழக்கம். ஆனால் அதே மரபில் மகாபாரதத்து ஆதி பருவத்தில் வேறொரு கதை இருக்கிறது. சஞ்சீவினி வித்தையைக் கற்க வந்த பிருகஸ்பதியின் மகன் கசனை அசுரர்கள் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து அவனுடைய குருவாகிய சுக்கிராச்சாரியாருக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார்கள். சுக்கிரரின் மகள் தேவயானி அழுகிறாள், தந்தை கசனைப் பெயர் சொல்லி அழைக்கிறார், சீடனின் குரல் அவர் வயிற்றுக்குள்ளிருந்து பதில் சொல்லுகிறது. அவனை உயிர்ப்பித்தால் தம் உயிர் போகும். ஆகவே வயிற்றிலிருந்தவனுக்கே வித்தையைச் சொல்லிக்கொடுத்து, அவன் வெளிவந்து தம்மை உயிர்ப்பிக்கச் செய்தார். அதன் பின்பே அந்தணர் மது அருந்தலாகாது என்று விதி செய்தார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, விதி செய்தவர் ஒழுக்கத்தின் உயரத்தில் நின்று கீழே பார்த்துச் செய்யவில்லை என்பது. தமக்கு மிகவும் பிரியமானவனைத் தாமே விழுங்கிவிட்டதை, விழுங்கிய பிறகு கண்டுகொண்டவர் அவர். குடிகாரன் மனைவியிடமும் மகளிடமும் கேட்டால், இது புராணம் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே, தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார். சங்கப் பாடல்களில் புரவலரின் வள்ளண்மைக்கே அடையாளமாக இருந்த கள்ளை மறுக்கத் தனி அதிகாரம் எழுதியவர், அதைப் பாவ புண்ணியக் கணக்கில் சேர்க்காமல் உலகியலில் ஒருவன் தன் பொருளையும் மதிப்பையும் அறிவையும் இழக்கும் வழிகளோடு சேர்த்தது ஆழ்ந்த யோசனை என்றே கருதுகிறேன். காமத்துப்பாலில் அதே கள்ளை உவமைக்கு எடுத்துக்கொள்ளவும் அவர் கூசவில்லை. பௌத்தர்களின் ஐந்தாம் சீலமும் இந்தப் போக்கிலேயே அமைந்தது. மதுவை விலக்குவதற்கு அது கூறும் காரணம், அது பிரமாதத்துக்கு இடமாகிறது என்பது. பிரமாதம் என்றால் அசட்டை, விழிப்பின்மை, மறதி. நாமோ அந்தச் சொல்லை எடுத்து, நல்ல கச்சேரிக்கும் நல்ல சாம்பாருக்கும் ‘பிரமாதம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். தன்னை மறத்தலையே மேலான இன்பமாக எண்ணும் பழக்கம் எப்படியோ மொழிக்குள்ளும் புகுந்துவிட்டது.

தன்னை மறப்பது முழுவதும் இழிவா என்றால், ஆம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வடித்த மதுவை ஆங்கிலத்தில் ஸ்பிரிட் என்கிறார்கள். ஆன்மாவுக்கும் அதே சொல். தமிழிலும் கொதிகலத்தின் மேலெழும் புகையும் ஆவி, உடலைவிட்டுப் போவதும் ஆவி. சித்த வைத்தியர்கள் திராவகம் இறக்கும் வாலைக்கும், சித்தர்கள் கன்னியாக வழிபட்ட வாலைக்கும் ஒலி ஒன்று. இவையெல்லாம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1902இல் வெளிவந்த சமய அனுபவங்களைப் பற்றிய தம் பெருநூலில் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவாசிரியர், மது மனிதரை இத்தனை காலம் ஆண்டுவருவதற்குக் காரணம் வக்கிரம் அன்று என்று வாதிட்டார். அன்றாடத்தின் வறண்ட கணக்குகளால் நசுங்கிக் கிடக்கும் ஆன்மிக வேட்கையை அது கிளறிவிடுகிறது. சங்கீதமும் இலக்கியமும் எட்டாத எளியவருக்கு அவற்றின் இடத்தில் நிற்பது அதுதான். அந்தத் தரிசனம் விஷத்தின் முதற்படியில் மாத்திரம் கிடைத்து, பின் முழுதும் விஷமாகவே முடிவது வாழ்க்கையின் சோகங்களில் ஒன்று என்பது அவர் கருத்து. 1961இல் யுங் என்ற மனோதத்துவ மேதை, குடியை விட்டவர்களின் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், குடிகாரனின் தாகம் தாழ்ந்த படியில் நிற்கும் ஆன்ம தாகமே என்று எழுதினார். மண்டித் தெருக்காரரை இனி நான் நினைக்கும்போது உபதேசம் என் முகத்தில் ஏறாது என்று நம்புகிறேன்.

ஆனால் தாகம் மெய் என்பதால் அந்தத் தண்ணீரும் மெய்யாகிவிடாது. மது உறக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கிறது. பின்னிரவில் அதே உறக்கத்தைக் கலைத்தும் விடுகிறது. காலையில் எழுந்திருக்கவென்று குடிப்பவர் காலையின் பலத்தையே முன்பணமாக வாங்கிச் செலவழிக்கிறார். அளவோடு என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில் பதினெட்டு வயதுவரை மது கூடாது, முப்பதுவரை மிதமாக, நாற்பதைத் தாண்டியவனுக்கு முதுமையின் வறட்சியைத் தணிக்கும் மருந்தாக என்று வயதுக்கோர் அளவு வகுத்தார். ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு விதி எழுதிய பெனடிக்ட் முனிவர், துறவிக்கு மது தகாது என்றாலும் இக்காலத்தவரை அதற்கு இணங்க வைக்க இயலாது என்று பெருமூச்சோடு ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் திராட்ச மதுவை அனுமதித்தார். இந்த அளவுகளைக் காட்டிலும் அந்தப் பெருமூச்சின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

துறவிகள் என்றதும் சொல்ல வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். பிரான்ஸில் கிரெனோபிள் நகருக்கு அருகே சார்த்ரூஸ் மலைகளில் 1084ஆம் ஆண்டு புரூனோ என்ற முனிவரும் ஆறு தோழர்களும் போய்த் தங்கியதிலிருந்து வளர்ந்தது கார்த்தூசியர் சங்கம். ஒவ்வொருவருக்கும் தோட்டத்தோடு கூடிய சிறு குடில், பெரும்பாலும் மௌனம், புலால் இல்லை, நள்ளிரவில் மணி அடித்ததும் எழுந்து இருட்டில் கோயிலுக்குப் போய் நெடுநேரம் ஜெபம், வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து உலாவப் போகையில் பேச்சு. இவர்களுக்கு 1605இல் ஒரு பிரெஞ்சுப் படைத்தலைவர் தீர்க்காயுள் தரும் சஞ்சீவி ஒன்றின் செய்முறை எழுதிய சுவடியைக் கொடுத்தார். அதன் புதிர் அவிழப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆயிற்று. 130 மூலிகைகள் சேரும் அந்த மருந்திலிருந்து பிறந்ததே, மடத்தின் பெயரையே தாங்கிய பச்சை நிற மது. நூற்றுக்கு 55 பங்கு சாராயச் சத்துள்ளது. செய்முறை முழுதும் அறிந்தவர்கள் எக்காலத்தும் மிகச் சில துறவிகள்தாம். 1903இல் அரசாங்கம் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது ஸ்பெயினுக்குப் போய் அங்கும் வடித்தார்கள், திரும்பி வந்த சில ஆண்டுகளில், 1935இல், மலை சரிந்து அவர்களுடைய வடிசாலையைக் கொண்டுபோயிற்று, வேறிடத்தில் கட்டிக்கொண்டார்கள். மூலிகை கலந்து மது வடிப்பது அவர்களுக்குக் கைத்தொழில். மடத்தின் சோறு அதிலிருந்து வருகிறது.

அந்தப் பச்சை மதுவைச் சேர்த்துச் செய்யும் கலவை ஒன்று டெட்ராய்ட் நகரத்து விளையாட்டுச் சங்கத்தின் 1916ஆம் ஆண்டு உணவுப் பட்டியலில் காணப்படுகிறது. ஜின், பச்சை சார்த்ரூஸ், மராஸ்கினோ என்ற செர்ரி மது, எலுமிச்சைச் சாறு ஆகிய நான்கும் சம பங்கு. பனிக்கட்டியோடு குலுக்கி, குளிர வைத்த அகன்ற கிண்ணத்தில் வடித்தால் இளந்தளிரின் நிறத்தில் நுரை கட்டி நிற்கும். ஒன்று மிகுந்தாலும் மற்ற மூன்றும் கெடும் என்று கலப்பவர்கள் சொல்வார்கள். அதன் பெயர் ‘லாஸ்ட் வேர்ட்’, அதாவது இறுதி வார்த்தை. பேசாதவர்கள் வடித்த மதுவுக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை எண்ணி நான் தனியே சிரித்ததுண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து போன பின் அக்கலவை மறக்கப்பட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸியாட்டில் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் மீண்டும் உயிர்பெற்றது. உலகமெங்கும் மாலைக் கிண்ணங்களில் அது நிறைந்தது. சார்த்ரூஸுக்குக் கிராக்கி ஏறியது. இன்னும் வடியுங்கள் என்று வியாபாரிகள் கேட்டார்கள்.

துறவிகள் மறுத்துவிட்டார்கள். உற்பத்தியை இனிப் பெருக்குவதில்லை என்று 2021இல் முடிவு செய்தார்கள். 2023இல் அது உலகத்துக்குத் தெரிந்தது. விற்பனை இறங்கியதால் அல்ல, ஏறியதால் செய்த முடிவு. தனிமையும் ஜெபமும் தங்கள் வாழ்வு, மூலிகைக்கும் மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு, வடிசாலை இவற்றை விழுங்க விடமாட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். களைத்த உலகத்துக்குச் சிரம பரிகாரம் செய்துகொடுத்தவர்கள், தங்கள் சிரமத்துக்கு வேலையைக் குறைப்பதையே பரிகாரமாகக் கண்டார்கள். என் தீர்ப்பும் இதை ஒட்டியதுதான். மாலையில் எதைக் குடிக்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், பகலில் எவ்வளவு சுமக்கலாம் என்ற கேள்வி நிற்கிறது. நூறு கிலோ மூட்டைகளை மனிதர்கள் முதுகில் ஏற்றுவதை நான் சிறுவனாக இருக்கையில் நாள்தோறும் பார்த்தவன். ஓர் ஆடவன் தலையில் ஏறும் பாரம் 55 கிலோவைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இல் பரிந்துரைத்தது. மண்டித் தெருக்காரரிடம் கட்டிங்கைப் பற்றிப் பேசும் உரிமை, அவர் தலையிலுள்ள பாரத்தைப் பற்றி மண்டி முதலாளியிடம் பேசியவனுக்கே உண்டு. நான் இன்னும் பேசவில்லை. மாடி அலுவலகத்தில் இரவு ஒன்பதுக்கும் கைப்பேசி ஒலிக்க, அதை ஒரு கையிலும் கிண்ணத்தை மறு கையிலும் பிடித்திருப்பவருக்கும், கோடு எங்கே கிழிபடவில்லை என்பதைச் சொல்ல வேறு ஆள் வேண்டியதில்லை.

எந்த நகரத்துக் கடையிலாவது பச்சை சார்த்ரூஸ் கேட்டு, இருப்பு இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்ற பதில் கிடைத்தால், வாசகர்கள் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வடிக்கிறவர்கள் மாலை ஜெபத்துக்குப் போயிருக்கிறார்கள்.